கன்னிப் பெட்டியில் இருந்த சீப்பு

வல்லத்திராக்கோட்டை ரெங்கசாமி வீட்டில், சாமி படங்கள் மாட்டிய அறையின் கொக்கியில் ஓர் ஓலைப்பெட்டி தொங்கும். கன்னிப் பெட்டி என்பார்கள். கலியாணம் காணாமல் செத்துப்போன பெண்பிள்ளை அந்த வீட்டுக்கே சாமியாகிவிடுவாள் என்பது இந்தப் பக்கத்து வழக்கம். தை பிறந்ததும் ஒரு வெள்ளிக்கிழமை பெட்டியை இறக்கி, பழைய துணியை எடுத்துவிட்டுப் புதுப் பாவாடை சட்டை வைப்பார்கள். கூடவே கண்ணாடி வளையல், மை, பொட்டு, ரிப்பன், ஒரு சீப்பு. கும்பிட்டு முடித்து மறுபடி மேலே ஏற்றிவிடுவார்கள்.

பெட்டிக்கு உரியவள் ரெங்கசாமியின் கடைசித் தங்கை வள்ளிக்கண்ணு. ஆத்தா மருதாயிக்குப் பிறந்து தங்கியவை மூன்று. மூத்தவர் ரெங்கசாமி, நடுவில் அழகி, கடைக்குட்டி வள்ளி. சமையாத வயதிலேயே வயக்காட்டுக் கிணற்றில் விழுந்து போய்விட்டாள். போட்டோ எதுவும் கிடையாது. அவள் முகம் அறிந்தவர்களில் இன்றைக்கு மிச்சம் இருப்பது அண்ணனும் அக்காவும்தான். சித்தப்பா மகன் நாகராசு அப்போது தொட்டில் பிள்ளை.

தை வந்து அந்தச் சீப்பைப் பெட்டியில் வைக்கும்போது மட்டும் அழகி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். செத்துப்போன தங்கச்சி நினைப்பு என்று பார்ப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள். யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

அழகியைக் கீரனூர்ப் பக்கம் கொடுத்திருந்தது. புருசன் சைக்கிள் கடை வைத்திருந்து காலமாகிவிட்டார். ஒரே மகள் திலகவதி திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறாள். ஒண்டுக் குடித்தனத்தில் போய் மகளோடு நெருக்கியடித்துக்கொண்டு கிடக்க அழகிக்கு மனம் ஒப்பவில்லை. அந்தச் சமயத்தில்தான் அண்ணன் பெண்சாதியும் போய்ச்சேர்ந்தாள். அண்ணன் மகன் ஆனந்தராஜ் சார்ஜாவில் இருக்கிறான். மருமகள் பிரகதீஸ்வரிக்குப் புதுக்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை.

"சின்னம்மா, மாமாவைத் தனியா விட்டுட்டு பஸ் ஏறுனா ஆபீசுல மனசே ஓட மாட்டேங்குது. நீங்க வந்து இருந்தீங்கன்னா எனக்கு ஒரு தாயி இருக்க மாதிரி" என்று போனில் சொன்னாள். ஒரு டிரங்குப் பெட்டியோடு அழகி பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தாள்.

வந்த புதிதிலேயே அண்ணனிடம் சில மாற்றங்களைக் கண்டாள். காபி டம்ளரைப் பிடித்தால் வலது கை தந்தி அடித்தது. வரப்பில் எட்டு வைத்து நடந்த மனுசன், வழுக்குத் தரையில் நடப்பதுபோல் காலை இழுத்து இழுத்து வைத்தார். தூக்கத்தில் யாரையோ விரட்டினார். ஒருநாள் மோட்டார் கொட்டகையில் கிடந்த கயிற்றைப் பாம்பு என்று கத்தி அக்கம்பக்கத்தைக் கூட்டிவிட்டார். ஒருநாள் தெளிவாக இருப்பார், மறுநாள் தன் மகன் பெயருக்கே யோசிப்பார். வயசுதானே என்று வீட்டில் விட்டுவிட்டார்கள்.

பங்குனியில், விளக்கு வைக்கிற நேரம். அழகி அண்ணனுக்குத் தோசை ஊற்றிக்கொண்டு இருந்தாள்.

"அந்தப் பிள்ளைக்கும் ஒண்ணு ஊத்து" என்றார் ரெங்கசாமி.

"எந்தப் பிள்ளைக்குண்ணே?"

"ஃபிரிட்ஜுப் பக்கத்துல நிக்கிதுல்ல."

அழகி எட்டிப் பார்த்தாள். ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள சந்தில் வழக்கமாகச் சாத்தி வைப்பதுதான் இருந்தது. "அங்க வெளக்கமாறு நிக்கிதுண்ணே."

"வெளக்கமாத்துக்குப் பாவாடை கட்டிவிட்டது யாரு, நீயா?"

அழகி சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. அந்தச் சந்தையே பார்த்துக்கொண்டு, தன் தட்டில் இருந்த தோசையைப் பாதி பிய்த்துத் தனியே ஒதுக்கி வைத்தார்.

மறுநாளும் அந்த நேரத்துக்கு அது வந்தது. அதற்கு அடுத்த நாளும் வந்தது. பேசாது, அசையாது, பார்த்துக்கொண்டே நிற்கும் என்றார். பிறகு ஒரு சாயங்காலம் அழகியின் முந்தானையைப் பிடித்து இழுத்து, காதோடு சொன்னார்: "ஏ, அது நம்ம வள்ளிடி."

நம்பக்கூடாது என்று அழகிக்குத் தோன்றவே இல்லை. மாறாக, ஆசையாக இருந்தது. கூடப்படுத்து, காலைத் தூக்கி மேலே போட்டுக்கொண்டு தூங்கிய தங்கச்சி. எத்தனை வருசத்துக்குப் பிறகு வந்திருக்கிறாள், வந்தும் அண்ணன் கண்ணுக்கு மட்டும் தெரிகிறாளே என்று ஒரு பொறாமைகூட வந்தது. ஒரு கிண்ணத்தில் சோறு பிசைந்து ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, காலியான சந்தைப் பார்த்தபடி நின்றாள்.

அதைப் பார்த்த பிரகதீஸ்வரி புருசனுக்குப் போன் போட்டாள். ஆனந்தராஜ் சித்தப்பன் நாகராசுவுக்குச் சொன்னான். நாகராசு பொல்லாத ஆள் கிடையாது. பங்காளிகள் கும்பிடும் ஐயனாருக்கு அவர்தான் பூசை வைக்கிறவர். வந்ததும் செருப்பைத் தெருவிலேயே விட்டுவிட்டு, ஃபிரிட்ஜுக்கு முன்னால் சூடம் கொளுத்தினார்.

"அண்ணே, கன்னி ஒங்ககிட்ட என்ன சொல்றா?"

"ஒண்ணும் சொல்லல. பாக்குறா."

"எம்மக காவ்யாவுக்கு வர்ற வரனெல்லாம் தட்டிப்போகுது. எங்கிட்டு அமையும்னு ஒரு வார்த்தை கேளுங்க."

ரெங்கசாமி மிரண்டுபோய், நடுங்குகிற கையால் ஃபிரிட்ஜைக் காட்டினார். அது மேற்குச் சுவர். ஆனி பிறப்பதற்குள் மேற்கே பொன்னமராவதியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து பூ வைத்துவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகு வீடு வீடாக இல்லை. செவ்வாயும் வெள்ளியும் ஆட்கள் வந்தார்கள். சொந்தக்காரர்கள், சொந்தக்காரருக்குச் சொந்தக்காரர்கள், ஆட்டோ பிடித்து வருகிறவர்கள். ரெங்கசாமியைக் கட்டிலில் படுக்க விடாமல் பாய் விரித்தார்கள். கவிச்சி கூடாது, ஒருவேளைச் சாப்பாடுதான், மற்ற நேரம் பாலும் பழமும். கை நடுங்கினால் அருள் என்றார்கள். கால் இழுத்தால் கன்னி பிடித்து இழுக்கிறாள் என்றார்கள். சாமி வருகிற உடம்புக்கு மாத்திரை எதற்கு என்று பிரஷர் மாத்திரையையும் நிறுத்திவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிற சந்தனமேரி, பழைய அட்டை பிரிக்காமலே கிடப்பதைப் பார்த்துவிட்டாள். ரெங்கசாமியை எழுப்பி நடக்கச் சொல்லிப் பார்த்தாள்.

"ஆத்தா, கை நடுக்கம், நடை குறுகிப்போனது, தூக்கத்துல கத்துறது, இல்லாத ஆளு தெரியிறது, இம்புட்டும் ஒண்ணாச் சேர்ந்து வர்ற சீக்கு ஒண்ணு இருக்கு. வயசானவுக மனசுக்கும் மூளைக்கும் பாக்குற டாக்டரம்மா புதுக்கோட்டைப் பெரியாஸ்பத்திரியில இருக்காங்க. நானே கூட வாரேன்."

பிரகதீஸ்வரி மிக்சியை நிறுத்திவிட்டு வெளியே வந்தாள். "மனநல டாக்டர்கிட்டயா? வேணாங்கக்கா. இன்னைக்கு சாமின்னு கையெடுத்துக் கும்பிடுறாங்க. அங்க போயிட்டு வந்தா நாளைக்கே பைத்தியம்பாங்க."

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அழகி மனதில், டாக்டரிடம் போனால் வள்ளி வராமல் போய்விடுவாளோ என்ற கவலைதான் இருந்தது.

அன்று மத்தியானம் யாரும் இல்லாத நேரத்தில் அண்ணனுக்குத் தலை துவட்டிவிட்டாள். தோள்பட்டை எலும்பு துண்டுக்கு மேலே குத்தியது.

"அழகி, எனக்குப் பயமா இருக்குடி" என்றார் ரெங்கசாமி. "அவ வாயைத் தெறக்கவே மாட்டேங்கிறா. வர்ற சனத்துக்கு நானாத்தான் வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்புறேன். பொய்யி சொல்றேன்னுதான் அப்படி மொறைச்சுப் பாக்குறாளோ?"

"அவ எப்படிண்ணே இருக்கா?"

"எப்படி இருப்பா? நான் லாரிக்குப் போறப்போ இருந்த மாதிரிதான். எண்ணெய் வழியத் தலைவாரி, ரெண்டு சடை போட்டு, மடிச்சுக் கட்டியிருக்கா. சிவப்பு ரிப்பன்."

துவட்டிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

அண்ணனுக்குத் தெரியாத ஒரு காரியம் அழகிக்குத் தெரியும். வாலிபத்தில் ரெங்கசாமி பம்பாய் லாரியில் கிளீனராகப் போனார். போன இடத்தில் லாரி கவிழ்ந்து, உயிருக்குப் போராடுகிறார் என்று தந்தி வந்தது. மருதாயி ஐயனார் வாசலில் விழுந்து, 'எம்பிள்ளையைக் குடு, எம்மக முடியைத் தாரேன்' என்று நேர்ந்துகொண்டாள். அழகி அப்போது சமைந்த பெண், மொட்டை போட முடியாது. வள்ளியைத்தான் உட்கார வைத்தார்கள். சின்னப் பிள்ளைக்கு இடுப்பு வரை முடி. இரண்டு நாள் அழுதாள். தலையில் முடி அரும்பு கட்டுவதற்குள் கிணற்றில் விழுந்துவிட்டாள்.

இறங்கித் தேடிய ஆள் கரையில் உட்கார்ந்து சொன்னதை அழகி பக்கத்தில் நின்று கேட்டாள். "மொதத் தடவையே தலையைத் தொட்டேன் தாயி. முடி இருந்திருந்தா கைக்குச் சிக்கியிருக்கும். வழுக்கிட்டுப் போயிருச்சு."

ரெங்கசாமி கட்டுப்போட்ட காலோடு ஊர் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அறிந்த சனத்தின் வாயையெல்லாம் கையைப் பிடித்துக் கெஞ்சி அடைத்திருந்த மருதாயி, அழகியைத் தனியே கூப்பிட்டு, "மொட்டையைப் பத்தி அண்ணன்கிட்ட மூச்சு விடக்கூடாது. தங்கச்சியைத் தின்னுதான் நாம பொழைச்சோம்னு அவன் நெஞ்சுல ஏறிடும்" என்று சத்தியம் வாங்கினாள். அந்த வாக்கை அழகி இந்த வயது வரை காப்பாற்றி வந்திருக்கிறாள். பெட்டியில் சீப்பு வைக்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டது அதற்காகத்தான்.

இப்போது இரட்டைச் சடை, சிவப்பு ரிப்பன் என்கிறார். கிணற்றிலிருந்து வருகிறவள் மொட்டைத் தலையோடு அல்லவா வரவேண்டும்? சடையோடு நிற்பவள் அண்ணன் நினைப்பில் இருக்கிற வள்ளி. அவர் கண்ணுக்குள்ளேயிருந்துதான் வருகிறாள். வீட்டுக்குள் வள்ளி வரவில்லை, யாருமே வரவில்லை. அழகி துண்டைப் பிழிந்து காயப்போட்டுவிட்டு, கொல்லையில் போய் உட்கார்ந்து அழுதாள். தங்கச்சி இரண்டாவது தடவை செத்ததுபோல் இருந்தது.

அதற்குள் நாகராசு ஆடிக் கடைசி வெள்ளிக்குப் பெரிய படையல் என்று நாள் குறித்துவிட்டார். விடியும்போது கன்னிப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ரெங்கசாமி அந்தக் கிணற்றுக்குப் போகவேண்டும். படி இறங்கி ஒரு செம்பு தண்ணீர் மொண்டு வரவேண்டும். வேறு யாரும் தொடக்கூடாது. வீட்டு நடையைத் தாண்டுவதற்கே சுவரைப் பிடிக்கிற மனுசன். கிணற்றுப் படியோ பாசி பிடித்து, பாதி இடிந்து கிடந்தது.

"தம்பி, அவரால எறங்க முடியாதுப்பா" என்றாள் அழகி.

"எறக்கிவிடுறது அவ பொறுப்பு, ஏத்திவிடுறதும் அவ பொறுப்பு. நீங்க ஏங்க்கா பயப்படுறீங்க?" என்றார் நாகராசு. மனதார நம்பித்தான் சொன்னார்.

படையலுக்கு முந்தின நாள் சாயங்காலம் பெட்டியை இறக்கினார்கள். நெருங்கின சொந்தம் எல்லாம் கூடியிருந்தது. நாகராசு ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார். பாவாடை, வளையல், ரிப்பன். சீப்பை எடுத்து ரெங்கசாமியின் கையில் கொடுத்தார்.

"அண்ணே, நாளைக்கு ஒங்க கையால அவளுக்குத் தலைவாரி விடுங்க. மனசு குளுந்து போகும்."

ரெங்கசாமியின் கையில் சீப்பு கடகடவென்று ஆடியது. அவர் ஃபிரிட்ஜ் பக்கம் பார்க்காமல் தங்கச்சியைப் பார்த்தார்.

"அவளுக்கு ஏது தலைமுடி, வாரிவிடுறதுக்கு?" என்றாள் அழகி.

நாகராசு நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார்.

"என்னாக்கா சொல்றீங்க?"

"வள்ளி செத்தப்போ மொட்டைத் தலைடா. நீ தொட்டில்ல கெடந்த, ஒனக்குத் தெரியாது. அண்ணன் ஊருல இல்லை, அவருக்கும் தெரியாது. குளிப்பாட்டி மஞ்சத் துணி சுத்துனது நானும் ஆத்தாவும். ரெட்டைச் சடை போட்டுக்கிட்டு வந்து நிக்கிறது நம்ம வீட்டுக் கன்னி இல்லை."

"அப்ப அது யாரு?" என்று ஒரு கிழவி கேட்டாள்.

"யாருமில்லை. எங்கண்ணனுக்குச் சீக்கு. நாளைக்கு நான் அவரைக் கெணத்துக்கு அனுப்ப மாட்டேன், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

கூடியிருந்தவர்கள் சும்மா விட்டுவிடவில்லை. சாமி காரியத்தில் கை வைக்கிறாள் என்றார்கள், கீரனூர்த் தண்ணி குடித்தவளுக்கு இந்த ஊர்ச் சாமி எப்படித் தெரியும் என்றார்கள். நாகராசு மட்டும் அண்ணன் கையிலிருந்த சீப்பை வாங்கிக் கீழே வைத்தார். பூசை வைக்கிற மனுசன் அல்லவா, இல்லாத முடிக்குச் சீப்பு படைத்தோமே என்று அவருக்குக் குற்றமாகப் பட்டிருக்க வேண்டும். "காலையில வண்டிக்கு நான் சொல்லிவிடுறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

எல்லோரும் போனபிறகு ரெங்கசாமி கேட்டார். "எதுக்குடி பிள்ளைக்கு மொட்டை போட்டீங்க?"

இந்தக் கேள்வி வரும் என்று அழகிக்குத் தெரியும். ஆத்தாவின் வாக்கில் பாதியை உடைத்தாயிற்று. மீதிப் பாதியையாவது காப்பாற்ற வேண்டும்.

"பேனுண்ணே. தலையெல்லாம் பேனு, புண்ணாப் போச்சு."

அவர் கொஞ்ச நேரம் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். "அவ முடியிலயா பேனு?" என்றார்.

ஆஸ்பத்திரிக்குச் சந்தனமேரியும் வந்தாள். பிரகதீஸ்வரி லீவு போட்டுவிட்டு, யாரும் பார்த்துவிடக்கூடாது என்று முக்காடு போட்டுக்கொண்டு வந்தாள். டாக்டரம்மா ரெங்கசாமியைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "அந்தப் பிள்ளையைப் பார்த்தா பயமா இருக்குங்களா ஐயா?" என்பதுதான். இத்தனை மாதத்தில் அவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. மனுசன் குழந்தைமாதிரி உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அழுதுவிட்டார்.

மூளை தளர்கிற ஒரு சீக்கு, பைத்தியம் இல்லை, முழுசாகக் குணமாகாது, ஆனால் பயத்தையும் தூக்கத்தையும் சரிசெய்யலாம் என்று சொன்னார்கள். கண்ணில் புரை இருக்கிறது, அதையும் எடுக்கவேண்டும். மாத்திரையைத் துளித்துளியாகத்தான் கூட்டுவார்கள். இருட்டு மூலையில் நல்ல லைட் போடுங்கள். வேளைக்குச் சோறு கொடுங்கள். தெரிகிறது என்றால் இல்லை என்று சண்டை போடாதீர்கள், ஆமாம் என்று ஏற்றியும் விடாதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று டாக்டரம்மா அழகியிடம் தனியாகச் சொன்னார்.

ஃபிரிட்ஜை இடம் மாற்றி, அந்தச் சந்தில் ஒரு டியூப்லைட் போட்டார்கள். முட்டை, மீன் குழம்பு எல்லாம் திரும்பி வந்தன. புரட்டாசி, ஐப்பசி என்று மாதம் போகப்போக ரெங்கசாமியின் முகத்தில் சதை பிடித்தது. இரவில் தூங்கினார். பிள்ளை வருவது குறைந்து, பிறகு நின்றேவிட்டது. ஊர்க்காரர்கள் பைத்தியம் என்று கொஞ்சநாள் பேசினார்கள். பிறகு நாகராசுவே தன் மாமியாரைக் கூட்டிக்கொண்டு அதே டாக்டரம்மாவிடம் போய்வந்தார் என்றதும் அந்தப் பேச்சும் அடங்கிப்போனது.

தை வந்தது. பெட்டியை இறக்கினார்கள். பாவாடை சட்டை, வளையல், மை, பொட்டு. சீப்பும் ரிப்பனும் இனி வேண்டாம் என்று அழகி எடுத்துவிட்டாள். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் கும்பிட்டது அதுதான் முதல் தடவை.

சாயங்காலம் பிரகதீஸ்வரி கடைக்குப் போயிருந்தாள். அண்ணனும் தங்கச்சியும் கூடத்தில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டு இருந்தார்கள். ரெங்கசாமியின் கை நின்றது.

"அழகி."

"என்னாண்ணே?"

"வந்திருக்குது."

அழகி தலையைத் தூக்கவில்லை. தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, நகர்ந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். டாக்டரம்மா சொல்லியிருந்தார், எப்போதாவது ஒருதடவை வரும் என்று.

"மொட்டைத் தலையா நிக்கிதுடி" என்றார் அவர். "தலையிலேர்ந்து தண்ணி சொட்டுது."

நான்தானே சொன்னேன், நான் சொன்ன மொட்டையைத்தான் பார்க்கிறார், வேறு ஒன்றுமில்லை என்று அழகி மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். தண்ணீரைப் பற்றி அவள் சொன்னதில்லை. ஆனால் கிணற்றில் விழுந்த பிள்ளைக்குத் தண்ணீர் சொட்டாதா என்ன, அதுவும் அவர் நினைப்புத்தான்.

"பயமா இருக்காண்ணே?"

"இல்லை. பாவமா இருக்கு." கொஞ்ச நேரம் அந்த மூலையையே பார்த்தார். "பேனுக்காகவாடி மொட்டை போட்டீங்க?"

"ஆமாண்ணே."

"இல்லையாம். தலையை ஆட்டுது."

மூலையில் டியூப்லைட் வெள்ளையாக எரிந்துகொண்டு இருந்தது. ஒருதடவை திரும்பிப் பார்த்தால் போதும் என்று அழகிக்கு இருந்தது. கழுத்து தானாகத் திரும்பப் போனது. இழுத்துப் பிடித்துக்கொண்டாள். பார்த்து, அங்கே ஒன்றும் இல்லாவிட்டால் தாங்க முடியும். இருந்துவிட்டால், அதன் முகத்துக்கு நேரே இந்தப் பொய்யை இன்னொரு தடவை அவளால் சொல்ல முடியாது.

"பேனுக்குத்தாண்ணே" என்றாள், அண்ணன் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு. "வேற எதுக்குப் போடப்போறோம்?"

அவர் அவள் முகத்தைப் பார்த்தார், மூலையைப் பார்த்தார். பிறகு தங்கச்சி சொன்னதையே வைத்துக்கொண்டவர்போலக் குனிந்து, ஒரு மொச்சையை எடுத்து உரிக்கத் தொடங்கினார். அழகி எழுந்து, மூலைக்கு முதுகைக் காட்டியபடியே நடந்து போய், அவருக்கு மாத்திரையும் தண்ணீரும் கொண்டு வந்தாள்.